ஜெர்மன் ரிப்பீட்டர்

திருத்தங்கல் அச்சகத்தில், தாள்களைக் கண்காணிக்கும் கேமராவின் படம் நீளமான கேபிளில் வருவதற்குள் நடுங்கிச் சிதைந்தது. சிக்னலைச் சீராக்கும் ரிப்பீட்டரைச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வந்திருந்தான் இன்ஜினியர் சுஃபியான்.

"விருதுநகர்ல நம்ம கஸ்டமர் ஒருத்தரு ரிப்பீட்டர் செய்றாரு. அதையும் பாக்குறீகளா தம்பி?" என்றார் முதலாளி அப்துல் குத்தூஸ்.

"மிளகாய் மண்டி ஊர்லயா? அதையெல்லாம் தொட்டாலே கேவலம், பாய்."

தான் வாங்கிவந்த ஜெர்மன் ரிப்பீட்டரை மாட்டி, கேபிளில் தேய்ந்த சிக்னலை ஈடுகட்டும் ஈக்வலைசேஷனைச் சரிசெய்தான். நடுக்கம் அடங்கி, திரையில் படம் பளிச்சென்று நின்றது.

"இதான் சரக்கு! நம்மாளுக தலைகீழா நின்னாலும் வராது."

குத்தூஸ் திரையை உற்றுப் பார்த்தார். அச்சாகிக்கொண்டிருந்த தாள் முழுக்க, ரிப்பீட்டரில் ஒட்டியிருந்த அதே 'மேட் இன் ஜெர்மனி' ஸ்டிக்கர்.

"விருதுநகர்க்காரரு ஆர்டருதான் தம்பி. சொந்தப் பேரைப் போட்டா நீங்க தொட மாட்டீகளே, அதான்!"