அடை தெளிந்த ஊர்

பதினைந்து முட்டைகளை மனைவியின் ஸ்வெட்டரில் சுற்றிக் கூடையில் வைத்து, கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெகன் தெருவில் ஓடி வந்ததைப் பார்த்து முதலில் சிரித்தவள் அம்முலுதான்.

"இன்னாடா ஜெகனு, பொண்டாட்டிக்குப் பதிலா நீ முழுகாம கீறியா?"

ஜெகன் சிரிக்கவில்லை.

"அக்கா, உன் வூட்ல அடைக்கோழி எதனா கீதா?"

புயலில் பெருநகருக்குப் போகிற ரோட்டோரம் கம்பம் சாய்ந்து, நேற்றுச் சாயங்காலம் போன கரண்ட் இன்னும் வரவில்லை. இன்வெர்ட்டர் காலையில் கண்ணை மூடியது. ஜெனரேட்டர் கேட்டுப் போன இடத்தில் எல்லாம் இவனுக்கு முன்பே யாரோ போயிருந்தார்கள்.

அவனுடைய பொரிப்பு மிஷினுக்குள் நானூறு முட்டைகள். இன்று பத்தொன்பதாம் நாள். இன்னும் இரண்டே நாளில் குஞ்சு. முதல் இரண்டு ஈடும் கூமுட்டையாய்ப் போய், கம்பெனி வேலையை விட்டவனின் கடைசி ஈடு இது. இதுவும் போனால் மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வாசலைப் பற்றித் தெருவுக்கே தெரியும்.

உள்ளே முப்பத்தேழரை டிகிரி இருக்க வேண்டும். அவன் கிளம்பும்போது தெர்மாமீட்டர் முப்பத்திரண்டு காட்டியது.

அவன் மனைவி ஜெயப்பிரியா, வீட்டிலிருந்த போர்வை, பாய், கல்யாணப் புடவை எல்லாவற்றையும் மிஷின்மேல் போர்த்திவிட்டு, வெந்நீர் பாட்டில்களை உள்ளே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். சூட்டை எங்கே கட்டி வைப்பது? ஊற்றிக்கொண்டே இருந்தால் இருக்கும். ஊற்றுவது நின்றால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடும்.

ஊரில் அடைக்கோழிக்குப் பஞ்சம் வந்ததற்குக் காரணமும் இவனேதான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

அடையில் உட்கார்ந்த கோழி முட்டை வைக்காது. மிஷினுக்கோ முட்டை வேண்டும். அதனால் மூன்று மாதமாக வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குப் பாடம் நடத்தினான். கோழியைத் தொட்டித் தண்ணீரில் மூன்று முறை முக்கு, வெளியே கட்டிப்போடு, அடை தெளிந்துவிடும்.

"சும்மா குந்திக்கினு கீதுக்கா அது. இருவத்தோரு நாளு ஒரு வேலையும் கெடையாது. என் மிஷினு நானூறு பொரிக்கும்."

கட்டிய புருஷன் பேச்சைக் கேட்காத பெண்கள் கூட இவன் பேச்சைக் கேட்டார்கள்.

"நேத்துதானேடா முக்கினேன்," என்றாள் அம்முலு. சிரிப்பு போயிருந்தது. "நீ சொன்னியேன்னு நாலு தபா முக்கினேன்."

முனியம்மாள் வீட்டுக் கோழி எப்போதோ தெளிந்து, குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. சின்னராசு வீட்டில் கோழி குழம்பில் இருந்தது. கோவிந்தம்மாள் எல்லாவற்றையும் விசாரித்தாள். எத்தனை முட்டை, எத்தனை நாள், ஜெயப்பிரியா அழுகிறாளா என்று கேட்டுக்கொண்டு, கடைசியில் தன்னிடம் கோழியே இல்லை என்றாள்.

ஒவ்வொரு வாசலிலும் ஜெகன் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். காலையில் ஓட்டுக்குள் யாரோ நகத்தால் சுரண்டுவது போலக் கேட்டிருந்தது. அம்முலு வாசலில் கேட்டது. கோவிந்தம்மாள் வாசலில் கேட்கவில்லை. வேறு முட்டையாக இருக்கும் என்று அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்க, கை வரவில்லை.

"சொக்கம்மா வூட்டாண்ட போடா," என்று அம்முலு பின்னாலிருந்து கத்தினாள். "அவ கோழி பிடிவாதக் கழுத."

சொக்கம்மாள் கடைசி வீடு. இவனைக் கண்டதும் சண்டைக்கு வருவது போல ஆரம்பித்தாள்.

"கீது, கீது. இந்த ஈட்டுக்குன்னு அடியிலேந்து முட்டைய நீ எடுத்துக்கினு போனியே, அன்னிலேந்து வெறுங்கூடையில குந்திக்கினு கீது. ரெண்டு தபா முக்கினேன். ஈரத்தோட வந்து அதே எடத்துல குந்திக்கிச்சி. தீனி வெச்சாலும் எழுந்திருக்கல நைனா."

ஜெகனுக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது.

அடைக்கோழியை இடம் மாற்றினால் உட்காராது. அதனால்தான் முட்டைகளைச் சுமந்துகொண்டு ஓடி வந்தான். நானூறில் பதினைந்து. பரவாயில்லை, பதினைந்தாவது.

சமையல்கட்டு மூலையில், கிழிந்த கூடையில், இறகைச் சிலிர்த்துக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கோழி உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினான். அடைக்கோழி என்றால் கொத்தும். இது கொத்தவில்லை. நல்ல சாது என்று நினைத்துக்கொண்டான்.

தூக்கினான். கனமே இல்லை. வெறும் இறகுக் கட்டு.

கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்தது.

சொக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்பத்தானே பார்த்தேன்... கண்ண முழிச்சிக்கினு..."

பத்தொன்பது நாள். சதை, கொழுப்பு, இருந்த எல்லாவற்றையும் எரித்து, ஒன்றுமில்லாத கூடைக்குச் சூடு கொடுத்திருக்கிறது.

ஜெகன் வைக்கோலைத் தொட்டான். பிறகு கோழியின் வயிற்றைத் தொட்டான். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

பிறகு அவசர அவசரமாக ஸ்வெட்டரைப் பிரித்தான். ஒவ்வொன்றாகப் பதினைந்து முட்டைகளையும் வைக்கோலில் அடுக்கினான். செத்த கோழியை அவற்றின்மேல் படுக்க வைத்து, இறக்கைகளை இரண்டு பக்கமும் விரித்துவிட்டு, நழுவாமல் மேலே கையை வைத்து அமுக்கிக்கொண்டு குந்தினான்.

"வேணாம் நைனா, எழுந்திரு," என்றாள் சொக்கம்மாள்.

"கதவ சாத்து பெரிம்மா," என்றான் ஜெகன். "இன்னும் சூடு கீது."