குழாயடியில் ஒரு கைநாட்டு

தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில் சாயங்காலக் காற்று, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் வெள்ளைப் புழுதியை வாரி இறைக்கிறது. போன வாரம் இதில் சிக்கிய காகம் ஒன்று கொக்காகிவிட்டது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் காலேஜ் படிக்கும் யசோதா, வெளிநாட்டுச் சிறையில் தூக்குக்குக் காத்திருக்கும் ஒரு மாணவனுக்காக எழுதிய மனுவில் குழாயடியில் கைநாட்டு வாங்குகிறாள். தண்ணீர் பிடிக்க வந்த குப்பம்மாவின் கட்டைவிரலில் மை தடவுகிறாள். பாறை சரிந்து செத்த குப்பம்மாவின் மகன் இன்னும் சுரங்கத்துக்குள்ளேயே கிடக்கிறான். உடம்பை எடுக்காமல், அந்த ஆழத்துச் சுரங்கப் பாதையை, அந்த லெவலையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். "இன்னாம்மா எழுதிக்கீற?" "அவன உயிரோட வுட்ருங்கன்னு, அத்தே." "அவனப் பெத்தவ கீறாளா?" "கீறாங்க." குப்பம்மாவின் விரல் காகிதத்துக்கு மேலேயே நிற்கிறது. "வுடலன்னா உடம்பையாவது அவகிட்ட குடுக்கச் சொல்லி எழுது. அப்பால வெக்கிறேன்." யசோதாவின் பேனா நகரவில்லை. அதை எழுதினால், கொல்லலாம் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குப்பம்மா விரலை நீட்டியபடியே இருக்கிறாள். மை காய்கிறது.