ஜப்பான்காரர் நீட்டிய கவர்

வெள்ளைக் கவரை இரண்டு கைகளாலும் பிடித்து, இடுப்பு மடங்கக் குனிந்து நீட்டினார் ஜப்பான்காரர். டிரைவர் ராஜாராம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காரோடு காராக ஒட்டி நின்றான்.

"நோ சார். நோ டிப்ஸ்."

மாமல்லபுரத்தில் கார்கள் நிறுத்துமிடத்தில் இளநீர் சீவிக்கொண்டிருந்த அம்மாள் அரிவாளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தாள். நீட்டியதை வாங்க மறுக்கும் டிரைவரை அவள் அந்த இடத்தில் அதுவரை பார்த்ததில்லை.

ராஜாராமுக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? போன மாதம் ஒரு வெள்ளைக்காரர் இருபது ரூபாய் கொடுத்தபோது இவன் முகம் போன போக்கை, அவர் அப்படியே புகாராக எழுதி அனுப்பிவிட்டார். டிராவல்ஸ் மேனேஜர் தீனதயாளன் இவனை உட்காரவைத்து, எந்த நாட்டுக்காரர் எவ்வளவு கொடுப்பார், எதை எப்படி வாங்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். பாடத்தின் கடைசிப் பகுதி ஜப்பான்.

"அவங்க ஊர்ல டிப்ஸுன்றது அவமானம். இங்க வந்து கவர் நீட்டினா, எவனோ தப்பா சொல்லிக் குடுத்துகீறான்னு அர்த்தம். நீ கை நீட்டின, நாளையிலேர்ந்து கூடுவாஞ்சேரி ஸ்கூல் வேன்தான்."

அந்த வேனை ராஜாராம் ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறான். முப்பத்திரண்டு குழந்தைகள், முப்பத்திரண்டு வாட்டர் பாட்டில். மறுபடி அதில் ஏறுவதைவிட மாடு மேய்க்கப் போகலாம் என்பது அவன் கருத்து.

அதனால் அன்று காலையிலிருந்தே உஷாராக இருந்தான். சிறுசேரி கம்பெனிக்கு வந்திருந்த இந்த இன்ஜினியருக்கு ஊரைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் ஏர்போர்ட்டில் விட வேண்டும். திருக்கழுக்குன்றத்து வீட்டிலிருந்து கிளம்பும்போது, பத்தரிடம் திருகாணி மாற்றக் கொடுத்திருந்த மனைவி துர்காதேவியின் கம்மலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதைத் தவிர வேறு சொந்த வேலை எதையும் பார்க்கவில்லை. கெஸ்ட் ஹவுஸ் வாசலில் பின்சீட்டுக்குள் தலைகுப்புறக் குனிந்து தூசி தட்டி, வெள்ளை டவல் விரித்து, தண்ணீர் பாட்டில்கூட வைத்தான்.

"திஸ்... யுவர்ஸ்," என்றார் ஜப்பான்காரர். அவருக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். ராஜாராமுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு.

"நோ சார். யுவர்ஸ்."

அவர் கவரை லேசாக ஆட்டிக் காட்டினார். உள்ளே ஏதோ குலுங்கியது. சில்லறை! போயும் போயும் சில்லறைக்காகவா ஸ்கூல் வேன் ஏறுவது? ராஜாராமின் உறுதி இரண்டு மடங்கானது; கார்க் கதவைத் திறந்து அவரை உட்காரவைத்துவிட்டான்.

மத்தியானம் சாப்பிட நிறுத்திய இடத்தில் பார்த்தால், கவர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தது. இவன் அதை எடுத்துக்கொண்டுபோய் அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்து, கும்பிட்டான். அவர் எழுந்து குனிந்தார். இவன் அதைவிடக் கீழே குனிந்தான். அவர் மறுபடியும் குனிந்தார். சாம்பார் வாளியோடு வந்த சர்வர் இருவருக்கும் நடுவில் வழி கிடைக்காமல் காத்து நின்றார்.

கைகழுவி வருவதற்குள் துர்காதேவியிடமிருந்து போன். நாளைக்குத் தன் தம்பி கல்யாணம் என்றும், கவரிங் கம்மலோடு போய் நின்றால் மானம் போய்விடும் என்றும், காலையிலிருந்து மூன்றாவது தடவையாக ஞாபகப்படுத்தினாள். வாங்கியாச்சு, பேஜாரு பண்ணாதே என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஏர்போர்ட் வாசலில் ஜப்பான்காரர் மூன்றாவது தடவை கவரை நீட்டினார். இந்தத் தடவை அவர் முகத்தில் கவலையே தெரிந்தது. ராஜாராம் வழியெல்லாம் யோசித்துத் தயார் செய்து வைத்திருந்த இங்கிலீஷை எடுத்துவிட்டான்.

"சார், கீப். மை கிஃப்ட். கிவ் யுவர் மேடம்."

சொல்லிவிட்டு, அவர் விரல்களைக் கவர்மேல் மடித்து மூடினான்.

ஜப்பான்காரர் அசையாமல் நின்றார். கண்கள் கலங்கின. கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை; பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. உள்ளே போகும்வரை நாலு தடவை திரும்பிப் பார்த்தார்.

வண்டியைக் கிளப்பிய ராஜாராமுக்கு, பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது என்று முதல் தடவையாகத் தோன்றியது. அந்த எண்ணம் வண்டலூர் வரை நீடித்தது.

வண்டலூரில் டீ குடிக்க நிறுத்தியபோது தீனதயாளன் கூப்பிட்டார். ஜப்பான்காரர் ஏர்போர்ட்டில் உட்கார்ந்தபடியே கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறாராம். எத்தனையோ நாடு சுற்றியும் இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறாராம். இனி வெளிநாட்டு விருந்தாளி யார் வந்தாலும் ராஜாராம்தான் வண்டி எடுக்க வேண்டும் என்று கம்பெனியே சொல்லிவிட்டதாம்.

ஸ்கூல் வேன் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போனது. ராஜாராம் கார்க் கண்ணாடியில் பார்த்து மீசையை நீவிக்கொண்டான்.

"எல்லாம் நீங்க எடுத்த பாடம்தான் அண்ணாத்த."

"நான் டிப்ஸ் வாங்காதன்னுதானே நைனா சொன்னேன்," என்றார் தீனதயாளன். "பின்சீட்டுல கெடந்த தங்கக் கம்மலை அவரு மூணு தபா திருப்பிக் குடுத்தும், எதுக்கு அவரு சம்சாரத்துக்கே குடுத்தனுப்புன?"