வேலி தாண்டிய பந்து

மூன்றாவது பந்தும் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

“இந்தக் கம்பெனிப் பந்தும் சரியில்ல மாப்ளே,” என்றார் பல் டாக்டர், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டார். அக்கா வீட்டுக்காரர் ஆயிற்றே, வாய்விட்டு என்ன சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ஜோடிப் போட்டி. யாரோடு சேர்ந்து ஆடப்போகிறார் என்று வக்கீல் இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். அத்தானை விட்டுவிட்டு வேறு ஆளைப் பிடித்தால் அக்கா முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அத்தானைச் சேர்த்துக்கொண்டால் கிளப்பே சிரிக்கும்.

கோல்ஃபில் முதல் அடிதான் பந்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் அடி. அந்த அடியில் டாக்டரின் பந்து வாராவாரம் வலது பக்கம் வளைந்து, வேலிக்கு அப்பால் காணாமல் போகும். கேட்டால் பந்தைக் குறை சொல்வார். அடுத்த வாரம் அதைவிட உசத்தியான பந்தோடு வந்து நிற்பார்.

“ஊர்ல இருக்கிற சொத்தைப் பல்லையெல்லாம் புடுங்கிச் சம்பாதிச்சு, கொண்டுபோய்க் காட்டுல கொட்டுறார்,” என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

அதனால்தான் வக்கீல் இன்றைக்கு ஒரு முடிவோடு வந்திருந்தார். கடையில் இருந்ததிலேயே உயர்ந்த ரகமாகப் பார்த்து மூன்று பெட்டிப் பந்து. கூடவே, பைக்கு அடியில் கிடந்த தன்னுடைய பழைய பந்து ஒன்று. ஒரே ஆள், ஒரே மட்டை. எது தூரம் போகிறது, எது நேராகப் போகிறது என்று அடித்துப் பார்த்துவிட்டால் அப்புறம் பேச்சுக்கே இடமில்லை.

நீலப் புள்ளி போட்ட பந்து வேலிக்கு அப்பால். சிவப்பு அம்பு போட்டதும் வேலிக்கு அப்பால். இப்போது மஞ்சள் கோடு போட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டது.

“இதையும் அடிச்சுடுங்க அத்தான்,” என்று பழைய பந்தை நீட்டினார். மேலெல்லாம் கீறல் விழுந்து நிறமே மாறிப்போன பந்து.

டாக்டர் அடித்தார். பந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் பறந்து, மைதானத்தின் நட்டநடுவில் விழுந்து உருண்டது.

வக்கீல் வாயைப் பிளந்தார்.

“பாத்தியா, நான்தான் சொன்னேன்ல? விலை ஏற ஏறப் பந்துக்குத் திமிரும் ஏறிடுது,” என்றார் டாக்டர்.

கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவர் வக்கீல். எங்கேயோ இடித்தது.

“இருங்க, அந்தப் பந்துங்களை எடுத்துட்டு வந்துடறேன்.”

“விடு மாப்ளே. போனது போகட்டும். அங்க ஒரே முள்ளு,” என்று பதறினார் டாக்டர்.

அந்தப் பதற்றமே வக்கீலை நடக்க வைத்தது.

வேலிக்கு அப்பால் காடும் இல்லை, முள்ளும் இல்லை. ஆளில்லாத புல்தரை. அதையும் தாண்டி ஏழைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதி. கட்டடத்து நிழலில் சில பெண்கள் வரிசையாக நின்று, கைப்பிடி தேய்ந்த கோல்ஃப் மட்டைகளை வீசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசிலோடு ஒரு டீச்சர்.

“இந்தப் பக்கம் மூணு பந்து விழுந்துச்சா மேடம்?”

“விழுந்திருக்கும். நான் விசில் அடிக்கிற வரைக்கும் யாரும் வேலிப் பக்கம் போகக் கூடாது. அப்புறம் போய்த் தேடுவாங்க. யார் கையில கிடைக்குதோ, பந்து அவங்களோடது.”

“அது நான் வாங்கின பந்து மேடம். புதுசு.”

“அப்ப தாராளமா எடுத்துக்கோங்க சார்.”

வரிசையில் நின்ற உயரமான பெண் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். “சார், அதுல மஞ்சக் கோடு பந்து இருந்தா அதை மட்டும் விட்டுட்டுப் போறீங்களா? போன மாசம் ஒண்ணு கிடைச்சு தொலைஞ்சு போச்சு. இதுவரைக்கும் விழுந்ததுல எனக்கு அதுதான் தூரமாப் போச்சு. அடுத்த வாரம் பெரிய போட்டி இருக்கு.”

வக்கீல் டீச்சரைப் பார்த்தார். “இவங்களுக்கு யாராவது வாங்கிக் குடுக்கலாமே?”

“குடுக்க வந்தாங்களே. ஒரு டாக்டர் பெட்டி பெட்டியாத் தூக்கிட்டு வந்தார். நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். இதுங்க கையேந்திப் பழகக் கூடாது சார். தேடிக் கண்டுபிடிக்கிறது வேற.” டீச்சர் விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அவரும் புரிஞ்சுக்கிட்டார்னு நினைக்கிறேன்.”

வக்கீல் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“கிடைச்சுதா?” என்றார் டாக்டர்.

“எங்க கிடைக்குது? நீங்க சொன்ன மாதிரி ஒரே முள்ளு.”

டாக்டரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“அத்தான், ஜோடிப் போட்டிக்கு உங்க பேரைத்தான் குடுக்கப்போறேன்.”

“என் லட்சணத்தைப் பாத்துமா?”

“பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

வக்கீல் மஞ்சள் கோட்டுப் பெட்டியிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து வைத்தார். டாக்டர் கையிலிருந்து மட்டையை வாங்கி, ஒன்றும் தெரியாதவர் போல எதிரே பார்த்து நின்று, பந்து வலது பக்கம் ஓடட்டும் என்று ஓங்கி ஒரு அடி அடித்தார்.

அது மைதானத்தின் நடுவில் நேராகப் போய் விழுந்தது.

இன்னொன்றை வைத்தார். அதுவும் நேராகவே போனது.

மூன்றாவது பந்தைக் குனிந்து வைத்தபோது டாக்டர் தன்னையே பார்ப்பது தெரிந்தது. வக்கீல் நிமிரவில்லை.

டாக்டர் மெல்ல அவர் பின்னால் வந்து நின்று, கையைப் பிடித்துச் சரி செய்தார்.

“மணிக்கட்டை இப்படி லேசா விடு மாப்ளே, பந்து தானா வளையும். எனக்கே இது கைவர ஆறு மாசம் ஆச்சு.”