திறந்த பாடம்

இயற்பியல் ஆசிரியை குத்ரூன் இந்த முறையும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஓல்போர் நகரத்து அந்தப் பள்ளியில் மற்ற எல்லா ஆசிரியர்களும் தங்கள் பாடங்களை இணையத்தில் பொதுவில் போட்டாயிற்று. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், தங்கள் வகுப்புக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். அனுமதி கேட்கக்கூட வேண்டாம்.

"அந்தம்மாவுக்குக் கொடுக்க மனசு வராது. பென்சில் கேட்டாலே யோசிக்கிற ஆளு" என்றார் ஜெர்மன் ஆசிரியர் விகோ. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

திறந்த கல்வித் திட்டத்துக்குப் பொறுப்பாளர் தோர்கில். வரலாற்று ஆசிரியராக இருந்தவர். இப்போது வகுப்பெடுப்பதில்லை, மற்ற ஆசிரியர்களை இதற்குப் பழக்குவதே வேலை. புதன்கிழமைதோறும் காபியும் லவங்கப்பட்டை பன்னும் வைத்து, அறிவைப் பூட்டி வைப்பது பாவம் என்று பேசுவார். குத்ரூன் முதல் ஆளாக வந்து உட்காருவார், ஒரு வார்த்தை விடாமல் கேட்பார், பன்னும் சாப்பிடுவார். பாடத்தை மட்டும் தரமாட்டார்.

பள்ளி முழுவதும் சேர்ந்துவிட்டது என்று மாவட்டக் கூட்டத்தில் சொல்ல தோர்கிலுக்கு ஆசை. ஒருநாள் பொறுக்க முடியாமல் குத்ரூனின் வகுப்புக்கே போய் நின்றார்.

குத்ரூன் மறுப்பேதும் சொல்லவில்லை. தயங்கியபடி ஒன்றுதான் கேட்டார்.

"நீங்க போட்ட பாடம் எங்க இருக்கு, தோர்கில்? தேடிப் பார்த்தேன், கிடைக்கலை."

தோர்கிலுக்குச் சுருக்கென்றது. குத்திக்காட்டுகிறாள் என்றே நினைத்தார். ஆனால் கேள்வி நியாயமானது. அவர் ஒன்றுகூடப் போட்டதில்லை.

அந்த வாரமே, பல வருஷம் நடத்திப் பேர் வாங்கிய தன் ஹெர்ரிங் மீன் வணிகப் பாடத்தைத் தூசு தட்டி இணையத்தில் ஏற்றினார். கொஞ்ச நாள் யாரும் அதைச் சீண்டவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை, வேறு ஊர் ஆசிரியை ஒருத்தி அதை எடுத்துப் பயன்படுத்தியிருப்பதாகத் தகவல் வந்தது.

தோர்கிலுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து, அவள் மாற்றிப் போட்டிருந்த பாடத்தைத் திரையில் திறந்து காட்டினார்.

மேலே அவர் பெயர் மரியாதையாக இருந்தது. கீழே பாதிப் பாடத்தைக் காணோம்.

ஓரத்தில் அந்த ஆசிரியையின் குறிப்பு: 'மிக்க நன்றி. முன்னுரை முடிவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டதால் அதை எடுத்துவிட்டேன். ஆண்டு ஒரு நூற்றாண்டு தள்ளியிருந்தது, சரிசெய்துள்ளேன். வரைபடத்தில் இருப்பது நம் நாடு அல்ல, ஸ்வீடன்.'

விகோ இருமினார். மற்றவர்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

தோர்கிலின் காதெல்லாம் சிவந்துவிட்டது. "குதறி வச்சிருக்கா. கேட்காம மாத்துறதுக்கு இவ யாரு?" என்றவர், கணினிப் பிரிவு இளைஞனிடம் திரும்பினார். "ஏம்பா, அடுத்தவங்க பார்க்கலாம், ஆனா கைவைக்க முடியாதுன்னு பூட்டி வைக்க ஏதாவது வழி இருக்கா?"

கூட்டம் அதோடு கலைந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது தோர்கில் தன் கணினியைப் பார்த்தார். குத்ரூனின் இயற்பியல் பாடங்கள் அத்தனையும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

தன்னைக் கேலி செய்யத்தான் இப்படிச் செய்கிறாள் என்று பட்டது. நேரே அவர் அறைக்குப் போய், இத்தனை நாள் கெஞ்சியபோது வராத தாராளம் இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

குத்ரூன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி, தோர்கில். இத்தனை நாளா, நம்ம பள்ளிக்கூடத்துல என் பாடம் மட்டும்தான் மோசம்னு நினைச்சுப் பயந்துகிட்டு இருந்தேன்."