குளத்துக்குத் தலைவர்

பனி கொட்டும் ஒரு தேசத்துக் குளத்தில், வாத்துகள் ஓயாமல் சேர்ந்து நீந்தியதால்தான் நடுவிலே கொஞ்சம் தண்ணீர் உறையாமல் கிடந்தது. தேர்தல் வந்ததும் கீழ்க்கரைக் கட்சியும் மேல்கரைக் கட்சியும் ஒரே தண்ணீரில் இறங்க மாட்டோமென்று கரையேறிக் கோஷம் போட்டன.

கீழ்க்கரைக்குப் பெரிய மகனும் மேல்கரைக்குச் சின்ன மகனும் போட்டியிட, அம்மா வாத்து மட்டும் சாமியை வேண்டிக்கொண்டே தண்ணீரில் தனியாகச் சுற்றினாள். "கண்ணுகளா, சண்டையைத் தண்ணிக்குள்ள நின்னு போடுங்களேன்!"

"நீ யார் கட்சிம்மா?" என்றான் சின்னவன்.

"எனக்குக் கால் விறைக்குதுடா."

முடியாமல் அவளும் கரையேறினாள்.

பெரியவன் ஜெயித்தான். பதவியேற்கத் தண்ணீரில் குதித்தவனின் அலகு பனிக்கட்டியில் 'டங்'கென்று இடித்தது.

"அவனுக்கு இனிமே மீன் கிடையாது!" என்று சின்னவன் இறக்கை தட்டினான்.

"நமக்குந்தானேடா கிடையாது?"

"அது கிடக்கட்டும்மா, அவன் மூஞ்சியைப் பாரு!"