சிங்கப்பூர் போய் வந்த கதை

"சின்னப் பிள்ளையளோட ஏனப்பா சிங்கப்பூர்? லீவுக்கு நுவரெலியா போவமே," என்றாள் அருந்ததி.

"சண்டைக் காலம், வழி நெடுக ஆமியின்ர செக்பொயின்ற். ஒவ்வொண்டிலயும் பிள்ளையளை இறக்கி ஏத்தேலுமே? பிளேன்தான் சுகம்," என்றான் கணவன் யோகன்.

புறப்படும் நாளில் கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரர் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு சரோ அன்ரி பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதே விட்டார். ஒரு கிழமைப் பயணத்துக்கு இவ்வளவு பாசமா! அருந்ததிக்கு மனம் நிறைந்துபோனது.

அடுத்த கிழமை சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். ஓடி வந்த அன்ரி, அருந்ததியின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"கவலைப்படாதை பிள்ளை. சிங்கப்பூரால கனடாவுக்குக் களவாப் போக வெளிக்கிட்ட எங்கட மூத்தவனையும் முதல்தரம் பிடிச்சுத் திருப்பித்தான் அனுப்பினவங்கள். பிறகு ஆக்களை வெளிநாட்டுக்கு அனுப்பிற வேற ஏஜென்டைப் பிடிச்சம். இப்ப கனடாவில வீடும் வாங்கிட்டான்!"